ஆரின் தள்ளிய பனி

வடக்கு மினசோட்டாவில் வெர்லின் ஹாகனின் எல்க் மான் பண்ணையைச் சுற்றி எட்டடி உயரக் கம்பிவேலி இருந்தது. காட்டு மான் உள்ளே வரக்கூடாது, பண்ணை மான் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். மூளையை அரித்து மானை எலும்புக்கூடாக்கும் நோய் காட்டில் இருந்தது. அதற்கு மருந்தில்லை.

ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வெர்லினின் மனைவி மார்லிஸின் அண்ணன் ஆரின், வண்டியின் முன்னால் பனி தள்ளும் பலகையை மாட்டிக்கொண்டு வந்து முற்றத்துப் பனியைத் தள்ளிவிட்டுப் போவார். காபி மட்டும் குடிப்பார். இலவசமாக உதவுகிறவரிடம் குறை சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. அந்தப் பிப்ரவரியில் அவர் தள்ளிய பனி வடக்கு வேலியில் சாய்ந்து, இறுகி, சரிவாக நின்றது. வெர்லின் பார்த்தார். சொல்லவில்லை.

ஞாயிறு காலை, அந்தப் பனிச்சரிவில் ஏறி வேலியைத் தாண்டி வந்த ஒரு காட்டு மான், தீவனத் தொட்டியருகே எல்க்குகளுக்கு நடுவே நின்றது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது.

"கதவத் திறந்து விரட்டி விடு மாப்ள. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார், பனி தள்ள வந்திருந்த ஆரின்.

"அந்தக் காட்டுலதான நீ வேட்டையாடுற? நாளைக்கு அதையே சுட்டுத் திம்பியா?"

"அப்ப பனிய நான்தான் அங்க தள்ளினேன்னு சொல்லிடுவ."

"நீ தள்ளின, நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். ரெண்டையும் சொல்றேன்."

"பன்னெண்டு வருஷமா ஓசில தள்றேன். நல்லா இருக்குய்யா!"

வெர்லின் அதிகாரிகளைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

அவர்கள் வந்து சுட்ட காட்டு மானுக்கு நோய் உறுதியானது. அதிகாரிகள் வேலியையும் அளந்தார்கள். "வேலில ஒரு குறையும் இல்ல சார்" என்றார் ஒருவர், ஆறுதலாக. நோய் தொற்றியிருக்கலாம் என்பதால் எல்க்குகள் எல்லாவற்றையும் சுட உத்தரவு வந்தது; அதற்கு அவற்றை ஒரே மூலைக்கு வரவழைக்க வேண்டியிருந்தது. மார்லிஸ் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வெர்லினே தீவன வாளியைத் தட்டினார். அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெண் எல்க்தான் முதலில் ஓடி வந்தது.

செத்த பிறகுதான் சோதிக்க முடியும்; அவற்றில் ஒன்றுக்கும் நோயில்லை என்று முடிவு வந்தது.

நோய் மண்ணில் தங்கும் என்பதால், பண்ணை காலியானாலும் இன்னும் ஐந்து வருடம் வேலி நிற்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் வெர்லின் வெறும் நிலத்தைச் சுற்றி வேலியோரப் பனியை வாரிக்கொண்டிருந்தபோது ஆரினின் வண்டி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"எங்க தள்ளட்டும் மாப்ள?"

வெர்லின் நிமிரவில்லை.

"இப்பவாவது கேட்டியே" என்றார்.