ஓய்வுத்தம்பியின் சான்று

ஆறாம் நாளாகிய வெள்ளியின் கதிரவன் நெடிய மாடங்களின் தோளில் கையூன்றி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த வேளை. ஆற்றின்மேல் பொன் உருகி ஓட, பாலத்தின்மேல் ஊர்திகள் எறும்புச் சாரையென வீடு நோக்கி ஊர, மருத்துவமனைகளின் அழுக்கையெல்லாம் தன் வயிற்றில் வாங்கி வெண்மையாய்த் திருப்பித்தரும் பெருஞ்சலவைக்கூடம் மட்டும், அந்தியென்றும் விடியலென்றும் அறியாது நீராவியை நெடுமூச்சாய் விட்டு நின்றது. அன்புடையீர், அக்கூடத்தின் மடிப்பு மேடையருகே விரிப்பொன்றின் இரு மூலைகளைப் பற்றி நிற்கும் இளைஞனைப் பாருங்கள். வயது இருபத்துமூன்று, பிறந்த மண் கடலுக்கு அப்பால், வந்து சேர்ந்து ஐந்து திங்கள். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டெனினும், கூடத்தார் சூட்டிய 'ஓய்வுத்தம்பி' என்பதே ஒட்டிக்கொண்டது.

ஏழாம் நாளாகிய சனியை இறைவனுக்கென ஒதுக்கி, அன்று கருவி தொடாது காக்கும் குடியில் பிறந்தவன் அவன். வந்த புதிதில் அந்நாளிலும் உழைக்க நேர்ந்தபோது, விரிக்கும் துணியெல்லாம் தன் குற்றத்தை எழுதிவைத்த ஏடாய்த் தோன்ற, உண்ட சோறு உடலில் ஒட்டாது வாடினான். ஏழு வாரங்களுக்கு முன், முதற்கதிர் படைக்கும் திருநாளுக்கு முதல்நாள், துணிவைத் திரட்டி, சனிதோறும் விடுப்பு வேண்டி மேற்பார்வையாளனை அணுகினான்.

"அவ்வளவுதானா? வேற ஆள் போட்டுக்கறேன். நீ நிம்மதியா போய்க் கும்பிடுப்பா" என்றான் அவன்.

அந்த வேறு ஆள் யாரென்று தம்பி கேட்கவில்லை. கேட்டால் கிடைத்தது கைநழுவுமோ என்ற அச்சம், கேள்வியைத் தொண்டையிலேயே மடித்து வைத்தது. திருக்கூட்டத்தில் எழுந்து, இறைவன் வழி திறந்தார் என்று சான்று பகர்ந்தான். கேட்டோர் கண் கசிந்தனர். தொலைபேசியில் தாய் விம்மினாள். நாளை, முதற்கதிர்த் திருநாளிலிருந்து ஐம்பதாம் நாள், வாரங்களின் பெருவிழா. இவ்வாண்டு அது ஏழாம் நாளோடு இயைந்து வர, அச்சான்றை மீண்டும் சொல்லுமாறு சபையின் மேய்ப்பர் பணித்திருந்தார்.

விரிப்பின் மறுமூலைகளைப் பிடித்திருந்தவள் மடிப்பக்கா, கணவனை இழந்தவள், சிரிப்பை இழவாதவள்.

"என்ன ஓய்வுத்தம்பி, நாளைக்குப் பெரிய பண்டிகையாமே? இப்பவே முகத்துல வெளிச்சம் அடிக்குது."

"ஆமாக்கா. புதுத் தானியத்துல ரெண்டு அப்பம் வெச்சு நன்றி சொல்லுவோம்."

"எனக்கும் சேத்து வேண்டிக்கோ. உங்க சாமி லீவு குடுக்கறதுல தாராளம். என் மனுதான் எங்கயோ மேசைக்கு அடியில விழுந்துடுச்சு போல."

"உங்களுக்குத்தான் செவ்வாய்க்கிழமை லீவு இருக்கே?"

"செவ்வாய்க்கிழமை என் பொண்ணு தங்கிப் படிக்கற விடுதி வாசல்ல காக்கா கூட உள்ள போக முடியாது. சனிக்கிழமை மட்டும்தான் பெத்தவங்களை விடுவாங்க, பத்து மணியிலேருந்து நாலு மணி வரைக்கும். அது முகத்தைப் பாத்து ஏழு வாரமாச்சு தம்பி."

அவன் பிடித்திருந்த மூலை நழுவியது. "சனிக்கிழமை... நீங்க யாருக்குப் பதிலா வர்றீங்க?"

"நெஜமாவே தெரியாமத்தான் கேக்கறியா?"

"நீங்களா சம்மதிச்சீங்கன்னு..."

"என்னை யாருப்பா கேட்டா? பலகையில பேரை எழுதினாங்க, வந்தேன்." அவன் முகம் வெளுத்தது கண்டு குரலைத் தணித்தாள். "அட, விடு. மூலையைச் சரியாப் பிடி, கோணுது பாரு."

அன்பரே, ஓய்வை அருளிய அதே திருமறை, உன் பணியாளும் உன் வாயிலுக்குள் இருக்கும் அயலானும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும் என்றும், அறுவடை விழாவைச் சொன்ன கையோடே, வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு என்றும் கட்டளையிடுகிறது. சிறுவயது முதல் மனப்பாடமாய் ஒப்பித்த அச்சொற்கள், அன்றுதான் அவன் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்தன. அந்நாளை மீறியபோது வருத்திய குற்றவுணர்வு, அதைக் காத்தபோது பன்மடங்காய் வருத்தியது.

மறுநாட்காலை, வெள்ளுடை அணிந்தோர் நிறைந்த மண்டபத்தில் மேய்ப்பர் அவனை அழைத்தார். அவன் எழுந்து நின்றான்.

"ஆண்டவர் எனக்கு வழி திறந்தார்னு சாட்சி சொன்னேன். அது முழு உண்மை இல்ல. ஒரு அம்மாவுக்கு இருந்த ஒரே வழியை அடைச்சுத்தான் எனக்குத் திறந்தாங்க. யாருன்னு கூட நான் கேக்கலை. நான் இப்பவே வேலைக்குப் போகணும்."

"அழகாத்தான் இருக்கு! ஓய்வுநாள்ல வேலைக்குப் போறதுக்கு ஒரு சாட்சி வேற" என்று பின்வரிசையில் ஒரு குரல் நொடித்தது.

மேய்ப்பர் திகைத்தார். "இன்னிக்கேவா தம்பி? பெருவிழா அன்னிக்கா?"

"இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் ஐயா அந்த வாசல் திறந்திருக்கும்."

மேய்ப்பர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

விழாவுடையோடு மூச்சிரைக்க வந்து நின்றவனை மடிப்பக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பாவம் வராதாடா?"

"வந்தா வரட்டும்க்கா. அதுக்கு முன்னாடி பஸ் வந்துடும், ஓடுங்க."

அவள் மேலாடையைக்கூட மாற்றாது ஓடினாள். யாரேனும் ஒருவர் நின்றால் போதும் என்று மேற்பார்வையாளன் தோளைக் குலுக்கினான். மாலைவரை மடித்தான் தம்பி. அமைதி வந்து அமரும் என்று எதிர்பார்த்த இடத்தில் முதுகுவலியே வந்து அமர்ந்தது.

மறுநாள் அக்கா நன்றி சொல்லவில்லை. விரிப்பின் மூலையை நீட்டியபடி தானே தொடங்கினாள். "முதல்ல 'வாங்க'ன்னு சொல்லுச்சு தம்பி, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி. தள்ளித் தள்ளியே உக்காந்திருந்துச்சு. நாலு மணி அடிச்சப்பத்தான் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு 'போகாதே'ன்னுச்சு."

அதன்பின் இருவரும் கலந்து பேசி, ஒன்றுவிட்டு ஒன்றாய் ஏழாம் நாளைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் ஒரு தாய்க்கும் மகளுக்கும் இல்லாது கழிந்த அந்த ஏழு நாள்களை, எந்த அறுவடையும் மீட்டுத் தருவதில்லை என்பதை அவன் அறிவான். அறிந்தே விழிக்கிறான், அறிந்தே துயில்கிறான்.

இதைப் படிப்போரே, நீங்கள் இளைப்பாறும் நாளில் உங்கள் இடத்தில் நிற்பவர் யாரென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டுவது அவ்வளவே.