கேளையாடு குரைத்ததா?

பெண்ணை அழைத்து வரும்போது வழி முழுக்கச் சேகண்டி அடிப்பது போர்னியோத் தீவின் இபான் மக்களான எங்கள் வழக்கம். காட்டில் கேளையாடு என்கிற சின்ன மான் குரைப்பது மணமக்கள் காதில் விழுந்தால் அன்றே பிரிந்துவிட வேண்டும். மீறினால் இருவரில் ஒருவர் உயிர் தங்காது. அதனால்தான் அந்தச் சத்தம். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

என் சித்தப்பாதான் சேகண்டி அடித்துக்கொண்டு வந்தார். ஓடையைத் தாண்டியதும் சுருட்டுப் பற்றவைக்கக் கையை நிறுத்தினார். பாழாய்ப்போன சுருட்டு! அந்த நேரம் பார்த்து மேட்டுப் பக்கமிருந்து ஒரு குரைப்பு.

எல்லோரும் நின்றோம்.

"நாயா இருக்கும்," என்றார் சித்தப்பா. தீக்குச்சி விரலைச் சுடுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இந்தக் காட்டுல யாரு சித்தப்பா நாய் வளர்க்குறா?" என்றேன்.

"அட, நான்தான் இலைய வச்சு ஊதினேன். மான் வருதான்னு பார்க்கலாம்னு," என்றான் பெரியப்பா மகன் மெராங்.

அவன் வாய் நிறைய மூங்கிலில் வெந்த சோறு. "மென்னுக்கிட்டே ஊதினியா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமாடா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அது உண்மையாக இருக்கட்டுமே என்று மனம் கெஞ்சியது. மனிதன் ஊதினால் அது சகுனமில்லை. நாய் என்றாலும் தப்பித்தோம். ஒருவேளை கிளை முறிந்த சத்தமோ? யோசிக்க யோசிக்க, எதையாவது கேட்டேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

என் புது மனைவி ரின்யா குனிந்து கணுக்காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஏன் எல்லாரும் நின்னுட்டீங்க?" என்றாள். சித்தப்பா அவசரமாகச் சேகண்டியை அடிக்க ஆரம்பித்தார். வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஊரே ஒரே கூரையடியில் வாழும் எங்கள் நீளவீட்டின் ஏணியடியில் அம்மா நின்றாள். சேகண்டி ஓய்ந்தது. "வழியில ஏதும் கேட்டுச்சாம்மா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"சித்தப்பா அடிச்ச அடியில காதே செவிடாயிடுச்சு அத்தை," என்றாள் ரின்யா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஏணியில் ஏறினாள்.

சாயங்காலம் தனியாகச் சிக்கியபோது கேட்டேன். "நெசமாவே உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா?"

"ரெண்டாவது, ஏணியில கால் வைக்கிறப்போ. நான் ஏறிட்டேன். இனி நீதான் சொல்லணும்."



"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றேன்.