தட்டின் எடை

எடை சோதிக்கிறவள் வந்துவிட்டாள் என்று கல்லாப் பெண் ஓடிவந்து சொன்னபோது நான் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காலையில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் கடைக்குள் நுழைந்திருந்தேன். செத்துப்போன என் அக்காவின் மகள் இங்காரை எனக்கே வளர்க்கக் கொடுப்பதா, விடுதியில் சேர்ப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள். "வேலை இருக்கு, குடி இல்ல, வழக்கு இல்ல. கவலைப்படாம போம்மா ஜாவ்ரெஷ்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழக்கு இல்லையாம்! அது காதில் ஆறுவதற்குள் இவள் வந்து நிற்கிறாள்.

பயப்படக் காரணம் இருக்கிறது. எங்கள் கடையில் குதிரைக் கறியைப் பொட்டலம் கட்டுவது நான். தட்டில் ரத்தம் உறிஞ்சுகிற பஞ்சைப் போட்டு, அதன்மேல் கறியை வைத்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இயந்திரத்தில் வைத்தால் எடையும் விலையும் போட்ட லேபிள் வரும். கட்டியவரின் எண்ணும் ஓரத்தில் இருக்கும். என் எண் நான்கு. தட்டு, பஞ்சு, தாள் இவற்றின் எடையை இயந்திரம் தானாகக் கழித்துவிட வேண்டும், அதுதான் முறை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் சந்தேகம் வந்து, பஞ்சும் தாளுமாக வெறும் தட்டை வைத்துப் பார்த்தேன். முப்பது கிராம் என்று காட்டியது! மனுஷன் பிளாஸ்டிக்கைக் கறி விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

மனுஷன் என்றது எங்கள் மேலாளர் எர்கினை. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் அகா, அதாவது அண்ணன். இயந்திரத்தை மாற்றியமைக்கும் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். போய்க் கேட்டேன்.

"பிடிக்கலையா? தாராளமா போ தங்கச்சி. வெளியில பத்துப் பொண்ணுங்க வரிசையில நிக்குதுங்க" என்றார்.

எப்படிப் போவது? வேலை போனால் இங்காரும் போய்விடுவாள். அதற்காக அடுத்தவர் பங்கைத் தின்றுவிட்டு இறுதிநாளில் என்ன பதில் சொல்வது? அன்றிலிருந்து ஒரு வேலை செய்தேன். லேபிள் வந்த பிறகு, தாளின் ஓரத்தைத் தூக்கி, வெட்டுகிறவர் கழித்துப்போட்ட மஞ்சள் கொழுப்பில் தட்டின் எடைக்கு ஒரு துண்டைச் செருகி, அதன்மேல் லேபிளை ஒட்டிவிடுவேன். கை பழகிவிட்டது. வாங்குகிறவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்? குதிரைக் கொழுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற கஸாக் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால் இன்று காலை நான் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். பாதிப் பொட்டலங்களில் லேபிளுக்கடியில் மஞ்சள் தெரியவில்லை. அவற்றைக் காலையில் அகாவே கட்டியிருக்கிறார், மீதி நேற்று நான் கட்டியவை. இயந்திரத்தில் என் எண் அப்படியே கிடந்திருக்கிறது. எல்லாவற்றிலும் நான்கு, நான்கு, நான்கு.

வந்தவள் லரிசா என்கிற கொரியக்காரி. ஐம்பது தாண்டியவள், நரித்தோல் தொப்பி, கையில் இரும்புப் பெட்டி. பெட்டியைத் திறந்து தராசை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும் தொடாதீங்க. இந்தக் குளுருல கார்ல கெடந்தது. சூடேறாம எடை போட்டா பொய் சொல்லும்."

அகா ஓடிப்போய்த் தேநீரும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்தார்.

"தராசுக்குக் குடுங்க, சீக்கிரம் சூடாகும்" என்றாள் லரிசா. சிரிக்கவில்லை.

பாழாய்ப்போன தராசு சூடேறுகிற வரை நான் உயிரோடிருந்ததே பெரிது. அகா என்னைக் குளிர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தொங்கும் குதிரைத் தொடைகளுக்கு நடுவில் அவர் மூச்சு வெள்ளையாக வந்தது.

"குறைஞ்சா யாரு கட்டினதுன்னு கேப்பா. லேபிள்ல யாரு நம்பர்?"

"காலையில நீங்கதானே அகா கட்டினீங்க!"

"அத யாரு பாத்தா? கவனமில்லாம செஞ்சுட்டேன்னு அழுதுடு. பொம்பளை, மனசு எரங்குவா. அபராதத்த நான் பாத்துக்கறேன்."

"என் பேர்ல வழக்கு விழுந்தா இங்கார விடுதியில போட்டுடுவாங்க அகா. உங்களுக்கும் புள்ளைங்க இருக்கே!"

"இருக்கு. அதுங்களுக்கும் சோறு போடணுமில்ல?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

லரிசா தன் விருப்பத்துக்குப் பத்துப் பொட்டலங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, கறியைத் தனியாக எடுத்துவிட்டு, தட்டையும் தாளையும் பஞ்சையும் எடை போட்டு, மொத்தத்தில் கழித்தாள். முதல் பொட்டலம் என்னுடையது. சரியாக இருந்தது. இரண்டாவதும் என்னுடையதுதான், இரண்டு கிராம் கூடுதல். மூன்றாவதை அவள் தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் இல்லை.

"முப்பது கொறையுது" என்றாள்.

நான்காவதும் குறைந்தது. ஆறாவதும் ஒன்பதாவதும் அப்படியே. கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"நாலாம் நம்பர் யாரு?"

"நான்தான் அக்கா" என்றேன்.

"நல்ல பொண்ணுதான், கவனம் பத்தாது. நானும் தலையால அடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் அகா. அட, என்ன வாய் அது! சொல்லிவிட்டு, அழு என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

கண்ணீரும் வந்துவிட்டது. அவர் சொன்னபடியே சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். என் அக்கா செத்ததிலிருந்து இங்கார் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். விடுதியில் எதைப் பிடித்துக்கொள்வாள்?

"கொழுப்பு இருக்கறதுதான் அக்கா என்னோடது!" என்று கத்திவிட்டேன். "இல்லாதத நான் கட்டல. வெள்ளிக்கிழமை எனக்குப் புள்ளைய குடுக்கப்போறாங்க, தயவுசெஞ்சு என் பேர்ல எதுவும் எழுதாதீங்க!"

லரிசா என்னையே பார்த்தாள். பிறகு என் பொட்டலம் ஒன்றிலிருந்து கொழுப்பை மட்டும் விரலால் எடுத்துவிட்டு மறுபடி எடை போட்டாள். முப்பது குறைந்தது. இன்னொன்றிலும் எடுத்தாள். அதிலும் குறைந்தது.

"அப்போ இதுவும் கொறச்சல்தான். ஒனக்கு முன்னமே தெரியும்."

அய்யோ, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே! தெரியும் என்றால் குற்றம், தெரியாது என்றால் பொய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் எழுந்தாள். தாளும் பஞ்சுமாக ஒரு வெறும் தட்டை எடுத்து எங்கள் இயந்திரத்தின்மேல் வைத்தாள். முப்பது. பக்கவாட்டில் இருந்த சின்னப் பூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குச் சாவி யாருகிட்ட?"

நான் அகாவின் இடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அகாவின் முகம் கறுத்துவிட்டது. அவளை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தார். "அடிப்பாவி! இத்தன மாசமா என் கொழுப்ப எவ்வளவுடி அள்ளிக் குடுத்த? இது திருட்டுதானே?"

"நீங்க எவ்வளவு தட்டு வித்தீங்களோ அவ்வளவுதான் அகா."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகுதான் இன்னும் பயந்தேன்.

"நாளையிலேருந்து வராத! இப்பவே கெளம்பு!"

அவ்வளவுதான். வழக்குக்குத் தப்பினால் வேலை போகிறது. வேலை இல்லாதவளுக்கு எந்த அலுவலகம் பிள்ளையைக் கொடுக்கும்?

லரிசா இயந்திரத்துக்கு முத்திரை வைத்தாள். தராசைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரைப் பற்றியோ சொல்வதுபோல அகாவிடம் சொன்னாள்:

"திங்கக்கிழமை மறுபடி வருவேன். அப்போ நாலாம் நம்பர் இதே எடத்துல வேலையில நிக்கணும். அவதான் எனக்குச் சாட்சி. இல்லன்னா ஏன் இல்லன்னு உங்களத்தான் கேப்பேன்."

அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அந்தத் திங்களுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். வெள்ளி கழிந்துதான் திங்கள் வரும், அதுவரை எனக்கு வேலை இருக்கும் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கொழுப்புக் கூடையின் விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.