ஏழாம் நம்பர் மெஷின்

கொத்தனாருக்குப் பூசி மெழுகும் வேலை அத்துப்படி. அதனாலேயே பூசி மெழுகும் பேச்சு அவருக்கு ஆகாது. மகள் படித்த தொழிற்கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, லேத் மெஷின் பிரிவில் தேறியவர்களுக்கு நேராக இரண்டாம் வருஷத்திலேயே இடம் என்று முதல்வர் சொன்னபோதே, "யார் காதுல பூ சுத்துறாங்க?" என்று கேட்டார். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

சேர்க்கைக்குக் கடைசி நாள். பல்கலைக்கழக அலுவலகத்தில் வரிசையே இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நல்ல இடம் என்றால் கூட்டம் அடித்துக்கொள்ள வேண்டாமா?

ஜன்னலுக்குள் எழுத்தர் அம்மாள் சிரித்த முகமாக, மகள் கொண்டுவந்த கல்லூரிப் பயிற்சி நோட்டைப் புரட்டினாள்.

"அறுநூறு மணி நேரம் மெஷின்ல நின்னிருக்கணும். இதுல உன் பேரே இல்லையேம்மா?"

"ஏழுன்னு இருக்கு பாருங்க மேடம், அது நான்தான். நாங்க மெஷின் நம்பரைத்தான் எழுதுவோம். பட்டறை மாஸ்டர் கூப்பிடுறதே 'ஏய் ஏழு'ன்னுதான்."

"ஏழுக்கு நான் எப்படிம்மா சீட் குடுக்கிறது?"

மகள் மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"எந்த ஏழு? காலைல ஒருத்தி, மத்தியானம் ஒருத்தன், ரெண்டு பேரு நின்னீங்க. யாரு எத்தனை மணின்னு எழுதிக் குடுத்துட்டு நான் மாட்டிக்கவா? முதல்வரைக் கேளு."

முதல்வர் இன்னும் சுருக்கமாக முடித்தார். "இடம் தர்றது அவங்க. அவங்களையே கேளும்மா."

எழுத்தர் அம்மாளின் சிரிப்பு மாறவே இல்லை. கொத்தனார் ஜன்னலை நெருங்கி நின்றார்.

"அசல் சான்றிதழை வச்சிட்டுப் போங்க. ரெண்டு தரப்பும் பேசி முடிவெடுப்பாங்க."

"எப்போ?"

"சொல்லி அனுப்புவோம்யா."

அவள் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தாள். கோப்புகள் பிதுங்கின. அட்டைகளில் பெயர் இல்லை. ஒன்பது, மூன்று, பன்னிரண்டு. ஓர் ஏழும் இருந்தது.

"இதெல்லாம் யாரு?"

"உங்க காலேஜ் பிள்ளைங்கதான். போன வருஷம். அதுக்கு முந்தின வருஷம்."

மகள் கையிலிருந்த சான்றிதழைக் கொத்தனார் பற்றினார். "எடுத்துக்கிட்டு வா, போலாம்."

"எங்கப்பா போறது? கம்பெனில என் இடத்துக்கு நேத்தே ஆள் போட்டாச்சு."

அவர் பிடி தளர்ந்தது. அவள் சான்றிதழை ஜன்னலுக்குள் தள்ளினாள். எழுத்தர் அம்மாள் அதைக் கோப்பில் வைத்து, அலமாரியில் இடம் போதாமல், இரண்டு கையாலும் அழுத்தித் திணித்தாள்.