மலிவு இறுவட்டுகளின் காலம்

சண்டிலிப்பாய்த் தம்பிஐயா சந்தையில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தபோது குரல் நின்றுபோன அதே காலையில், உடுவில் காப்பகத்தில் அவருடைய பேச்சைப் பதிந்துவைத்த இறுவட்டு, அதுதான் சீடி, வாசிக்க மறுத்தது. விலை கேட்டு நின்ற பெண், வாய் மட்டும் அசைவதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். யாழ்ப்பாணத்தில் தொண்டையைச் சோதித்த டொக்டர் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கும், அதன் பிறகு தையல் ரீச்சருக்கும் குரல் போயிற்று. காரணம் மனோன்மணிக்கு மட்டும்தான் பிடிபட்டது.

அவள் ஊர்க்குரல் காப்பகத்தின் ஒரே ஊழியர். யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், வெளிநாட்டில் இருந்தவர்கள் காசு சேர்த்துத் தொடங்கிய காப்பகம் அது. சனங்களைக் கமராவுக்கு முன்னால் இருத்திப் பட்டதையெல்லாம் சொல்லவைத்து, பேரப்பிள்ளைகள் காலம்வரை பாதுகாப்பது நோக்கம். எதில் பாதுகாப்பது என்பதில்தான் இழுபட்டது. இரண்டு வேறு கம்பனிகளின் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை இங்கேயும் மற்றதை வேறு ஊரிலும் வைத்து, வருடா வருடம் சோதித்து, ஐந்து வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டும் என்றாள் மனோன்மணி. தலைவர் ஜெபநேசன் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் விழுந்தால் ஊரே போயிடும், பிள்ளை. இறுவட்டுப் போனால் ஒராள்தானே போகும்?"

அப்படியே தீர்மானமாயிற்று. கம்பனிப் பெயரில்லாத மலிவு இறுவட்டுகள் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றின்மேல் பசைபோட்டுப் பெயர்த்துண்டு ஒட்டி, அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே இரும்பு அலுமாரியில் அடுக்கினார்கள். ஏழெட்டு வெயில் காலம் போவதற்குள் அவற்றின் வெள்ளிப் பூச்சு ஓரத்திலிருந்து உரியத் தொடங்கியது. உரிந்தவர்கள் ஊமையானார்கள். மின்வெட்டைப் பற்றி முறையிடுவதுபோல வீட்டுக்காரர் ஒருநாள் வந்து முறையிட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். தையல் ரீச்சரின் பதிவு மட்டும் கனடாவில் மகளின் கைபேசியில் இருந்தது. அதை இறக்கி எடுத்ததும் ரீச்சருக்குக் குரல் திரும்பியது. ஆனால் வாட்ஸ்அப்பில் நசுங்கிய பதிவு என்பதால், பக்கத்தில் நின்று கதைத்தாலும் தூரத்து டெலிபோனில் கதைப்பதுபோலவே கேட்டது.

பிரதி எடுத்தால் தப்பலாம் என்று அதிலிருந்து மனோன்மணிக்கு விளங்கிற்று. அவள் ஹார்ட் டிஸ்க் தேடி ஓடியது நாட்டின் பொருளாதார நெருக்கடி வருடத்தில். இறக்குமதி நின்று, யாழ்ப்பாணக் கடைகளில் ஹார்ட் டிஸ்க் என்ற பேச்சே இல்லை. பென் டிரைவை நம்பி அலுமாரியில் வைத்தால் அது நாளடைவில் பதிந்ததையே மறந்துவிடும். கடைசியில் தம்பி விட்டுப்போன பழைய மடிக்கணினியில் கொஞ்ச இடம் கிடைத்தது. இருந்த எல்லாரையும் அது கொள்ளாது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள், படிப்பிப்பவர்கள், குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடுபவர்கள் என்று பார்த்துப் பார்த்து ஏற்றினாள். ஒவ்வொருவரை விடும்போதும் தலைவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

முடிவில் ஒருவருக்குத்தான் இடம் மிஞ்சியது. ஏற்றாததில் அவளுடைய பதிவும் இருந்தது. பார்த்தீபனுடையதும் இருந்தது, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் அவன் முழங்கிய பழைய வீடியோ. பார்த்தீபன் காணாமலாக்கப்பட்டவன். அவனுடைய தாய் ஜெயகௌரி ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வரும்போது காப்பக வாசல் படலையடியில் நின்று கேட்பாள்.

"தங்கச்சி, அவன்ரை வாசிக்குதோ?"

"ஓம் அக்கா, வாசிக்குது."

"அப்ப எங்கையோ கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறான்."

இறந்துபோன தன் தகப்பனின் இறுவட்டும் நன்றாகவே வாசித்தது என்பதை மனோன்மணி அந்த அம்மாவுக்குச் சொன்னதில்லை. பார்த்தீபனையே ஏற்றினாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் அவளுடைய குரல் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் பாடி முடித்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்தில், பழுதான இறுவட்டுகளுக்குப் பதிலாக அதே கடையில் புதிய இறுவட்டுகள் வாங்கும் தீர்மானத்தை ஜெபநேசன் கொண்டுவந்தார். காப்பகத்தின் விதிகளை எழுதிவைத்த யாப்பின்படி குரல் வாக்கெடுப்பு. பதிவு கொடுக்காதவர்களும் தப்பியவர்களும் 'ஓம்' என்றார்கள். எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்று சொல்லலாம் என்றார் தலைவர். பின்வரிசையில் தம்பிஐயா எழுந்து நின்று வாயை அகலத் திறந்தார். தபால்காரரும் எழுந்தார். மனோன்மணி கழுத்து நரம்பு புடைக்க அந்தச் சொல்லைச் சொன்னாள், கையையும் உயர்த்தினாள்.

"கை கணக்கில்லை, பிள்ளை. யாப்பில கிடக்கு," என்றார் ஜெபநேசன், அன்பாகத்தான்.

மண்டபம் அமைதியாக இருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிறகு எல்லாருக்கும் தேநீரும் வடையும் கொடுத்தார்கள்.