விஷயத்துக்கு வாங்க

கீழ்மருதை நகராட்சியின் இணையதளத்துக்குள் போகிறவர்கள் முதலில் மேடைக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இணையதளத் திறப்பு விழாவன்று மேடையேறிய பெரிய மனிதர்கள் அதன் பிறகு இறங்கவே இல்லை. முன்னாள் தலைவர், முன்னாள் துணைத் தலைவர், அரிசி ஆலை அதிபர், அவருடைய மைத்துனர் என்று முகப்பிலேயே வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேளாவேளைக்கு அவர்களுக்கு டீ போனது. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ‘அவர்களே’ போட்ட பிறகுதான் குடிநீர், குப்பை, வீட்டு வரி என்று அந்தப் பக்கம் நகர முடியும்.

கண் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தொல்லையில்லை. பொத்தாம் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக நழுவிவிடுவார்கள். மாசிலாமணிக்கு அப்படி நழுவ வழியில்லை. அவர் பேருந்து நிலையத்து அறிவிப்பாளர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கணினி வாய்விட்டு வாசிக்க, காதால் கேட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே போவார். காதுக்கு ஓரக்கண் கிடையாது. ஒருநாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க உள்ளே போனார். அரிசி ஆலை அதிபரின் மைத்துனரை அடைவதற்குள் குழாயில் தண்ணீர் வந்து, நின்றும் போயிருந்தது.

அவர் நேரே நகராட்சி அலுவலகத்துக்கு வந்தார். இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் பூங்கோதையின் மேசை முன் நின்று, “மேடம், நம்ம ஊர்ல தண்ணிக்கு முன்னாடி மச்சான் வர்றாரு” என்றார்.

பூங்கோதை சிரித்துவிட்டாள். அலுவலகத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரமே ஆணையர் உத்தரவு போட்டார்: இணையதளம் எல்லோருக்கும் தோதாக இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல மாசிலாமணியையே நியமித்தார். மதியப் பேருந்துகளை அனுப்பி வைத்துவிட்டு, தோளில் ஒரு கனத்த பையோடு அவர் தினமும் வர ஆரம்பித்தார்.

வேலை ஒவ்வொன்றாக நடந்தது. விரல் நடுங்கும் தையல்காரர் ஒருவர் பொத்தான்கள் சிறிதாக இருப்பதாகச் சொன்னார். பூங்கோதை பெரிதாக்கிக் கொடுத்தாள். வெயில் ஏறினால் அவர் அதில் ஒன்றின்மேலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறார். காது கேளாத ஜமீலா டீச்சர், ஆணையர் பேசும் காணொளியில் ஒன்றும் புரியவில்லை என்றார். ஆணையருக்குக் கீழே எழுத்து ஓடும்படி செய்தாள். அதற்குப் பிறகு ஆணையர் கடைத்தெருவுக்குப் போனாலும் முழங்காலுக்கு நேராக எழுத்து ஓடுகிறது. எழுத்து மறைந்துவிடக் கூடாதென்று அவர் மழைக்காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டுவதில்லை.

மாசிலாமணியின் காரியம்தான் இழுத்துக்கொண்டே போனது. வணக்கங்களைத் தாண்டிப் போக ஒரு குறுக்குவழி வேண்டும். அதற்கு மேடையில் இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். யார்தான் தன்னைத் தாண்டிப் போகச் சம்மதிப்பார்கள்? இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் மாசிலாமணி வந்து, பையைக் காலடியில் வைத்துவிட்டு, முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு” என்பாள் பூங்கோதை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் அதற்கு அதுதான் பதில்.

அவர் கொஞ்சம் நிற்பார். ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கும். பிறகு, “சரி, மேடைக்குப் போவோம்” என்று காதில் கருவியை மாட்டிக்கொள்வார். திருப்பத்தூர் வண்டி எங்கே நிற்கிறது, சேலம் வண்டி எப்போது கிளம்பும் என்று ஊருக்கே வழி சொல்கிற மனிதர், தன் விஷயத்தில் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதைக்கு அவர்மேல் ஆசை. அவர் குரலில் ஊர்ப்பெயர்களைக் கேட்பதற்காகவே பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டதை வைத்து வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது? தமிழ்நாட்டில் கடன்காரன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான்.

ஒருவழியாகக் குறுக்குவழிக்கு அனுமதி வந்தது. ‘முதன்மை உள்ளடக்கத்துக்குத் தாவுக’ என்று அதற்கு மேலிடம் பெயர் அனுப்பியிருந்தது. தாவச் சொன்னால் யார் தாவுவார்கள் என்று பூங்கோதை ‘விஷயத்துக்கு வா’ என்று எழுதினாள். மரியாதை போதாதென்று மேடை முணுமுணுத்தது. ‘விஷயத்துக்கு வாங்க’ என்று மாற்றினாள். முகப்பு வாசற்படியில், நீல நிறத்தில், அடியில் கோடு போட்டுக் கிடந்தது அந்த இணைப்பு. அதைத் தொட்டால் வணக்கங்கள் எல்லாம் பின்னால் போய்விடும். எதற்காக வந்தோமோ அங்கே நிற்போம்.

நல்ல பொருள் ஓரிடத்தில் நிற்குமா? ஜனங்கள் ஆளுக்கொரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பேருந்தில் ஏறித் தொட்டவர்கள் இறங்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா கை தவறித் தொட்டுவிட்டார். மண்டபமே பந்தியில் உட்கார்ந்திருந்தது, மணமக்கள் உட்பட. பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததுதானே. ஐயர் மட்டும் கையில் தாலியோடு இலை இலையாக வந்து மாப்பிள்ளையைத் தேடினார். ஊரில் நேரம் மிஞ்சிப் போனது. மிஞ்சியதை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலங்களில் எல்லோரும் வாசலில் சும்மா நின்றார்கள்.

அப்போதுதான் பூங்கோதையின் அண்ணன், ஓசூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு, நல்ல வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

“உனக்கு வேற ஏதாவது நெனப்பு இருந்தா இப்பவே சொல்லிடும்மா” என்றார் அண்ணன்.

அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தது எல்லாம் ஒரு கேள்வி, அதுவும் அவர் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மாசிலாமணி வந்தார். பையை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பூங்கோதை, “இன்னிக்கு நானும் கூட வர்றேன் சார். ரெண்டு பேரும் சேந்து சோதிச்சுப் பாத்துடலாம்” என்றாள். இன்றைக்கும் விஷயம் வெளியே வராவிட்டால் இனி எப்போதும் வராது.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள, இருவரும் இணையதளத்துக்குள் போனார்கள். மேடை அவர்களை ஏற இறங்கப் பார்த்தது. வாசற்படியில் அவள் அவருடைய கையைப் பிடித்து இணைப்பின்மேல் வைத்து, தன் விரலையும் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

எங்கும் போகவில்லை. அதே வாசற்படி, அதே நீலக் கோடு. மாசிலாமணி அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“சாப்பிட்டீங்களா?”

இணைப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. மறுபடி அழுத்தினாள்.

“சாப்பிட்டீங்களா?” என்றார் அவர்.

“சார், இது வேலை செய்யல.”

மாசிலாமணி இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் சோதித்த அதே நிதானம்.

“கோளாறு ஒண்ணும் இல்ல மேடம். சரியாத்தான் கொண்டாந்து விட்டிருக்கு.”

இரண்டு வருஷமாக வாசலில் நிறுத்தி ‘ஆச்சு’ என்று திருப்பி அனுப்பியது எதை என்று பூங்கோதைக்கு விளங்கியது. தன்மேலேயே கோபம் வந்தது.

“இல்ல” என்றாள். “இன்னும் சாப்பிடல.”

மாசிலாமணி பையை இறக்கி வைத்துத் திறந்தார். உள்ளே மைக் செட்டு இருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரண்டடுக்குத் தூக்குச்சட்டி ஒன்று வெளியே வந்தது. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

“தெனமும் ரெண்டு பேருக்குத்தான் கொண்டாறேன்” என்றார். “ராத்திரிக்கு நானே சாப்பிட்டுக்குவேன்.”

வாசற்படியிலேயே உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்கில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருந்தது. பூங்கோதை அதைச் சொன்னாள். பாதி சாப்பாட்டில் அண்ணன் போன் செய்தார். ஓசூர்க்காரர்கள் அலுப்பாக இருக்கிறதென்று வேனில் ஏறியதுமே, வழிக்கு ஆகுமென்று அண்ணன் அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டுவிட்டார்களாம். இப்போது தர்மபுரியில் வேறொரு பெண் வீட்டில் இருக்கிறார்களாம், அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டதாம்.

“சரிண்ணா. சாயங்காலம் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, பூங்கோதை இன்னும் கொஞ்சம் சாதம் வைத்துக்கொண்டாள்.

மேடையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முன்னாள் தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

“பேருந்து நிலைய அறிவிப்பாளர் மாசிலாமணி அவர்களே” என்று ஆரம்பித்தார். “இணையதளப் பொறுப்பாளர் பூங்கோதை அவர்களே. எலுமிச்சை சாதம் அவர்களே. உருளைக்கிழங்கு வறுவல் அவர்களே…”

அவர் முடித்ததும் முன்னாள் துணைத் தலைவர் முதலிலிருந்து தொடங்கினார். மைத்துனரின் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. பூங்கோதை அதன்மேல் தூக்குச்சட்டியின் மூடியை வைத்துவிட்டு, அடுத்தவர் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தாள்.