வருந்துகிறோம்

ஒரே ஒரு வாக்கியம் போதும் என்றாள். மனநல ஆலோசகர் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிடுவாள்.

ஆலோசகர் பேனாவைத் தேடவில்லை. அந்த அறையில் பேனாவே இல்லை. ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள், நடுவில் மேசை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டி தெரிந்தது. அதிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு யாரோ காலி பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள்.

"அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு வார்த்தை வரமாட்டேங்குது உங்களுக்கு," என்றார் ஆலோசகர்.

"அதைத்தான் மேடம் நானும் சொன்னேன்."

"ம்."

கணவன் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. உம் கொட்டுவதற்கா ஃபீஸ் வாங்குகிறார்கள், நான் இத்தனை வருடமாகச் சும்மாவே கொட்டுகிறேனே என்று கேட்டிருந்தான். ஆனாலும் அனுப்பி வைத்தவன் அவன்தான். வீட்டிலும் அவள் புகார் பிரிவில் பேசுவது போலவே பேசுகிறாள் என்பது அவன் குறை. பால் தீர்ந்துவிட்டது என்றால்கூடத் தகவலுக்கு நன்றி என்கிறாளாம்.

இணைய இணைப்பு தரும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. காதில் ஹெட்செட், எதிரே திரை. கோபப்படுகிறவருக்கு ஒரு வாக்கியம், அழுகிறவருக்கு ஒரு வாக்கியம். திரையில் வருவதைப் படிக்க வேண்டும். படிப்பது போலத் தெரியக் கூடாது. பேச்சில் இடைவெளி விழுந்தால், அழைப்பைக் கேட்டு மதிப்பிடுகிறவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். அவளுக்குக் குறைத்ததே இல்லை. கூட இருப்பவர்கள் அவளை ரெக்கார்டு என்று கூப்பிட்டார்கள். காலையில் அவள் உள்ளே நுழைந்ததும், தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவள் சிரிப்பாள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் வாரம் ஆலோசகரிடம், நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாள். இரண்டாவது வாரம், அப்பா இறந்துவிட்டார் என்றாள். ஆலோசகர் புரியுது என்றார். போன வாரம், அக்காவுக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றாள். ஆலோசகர் அதற்கும் புரியுது என்றார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

"பல்லு புடுங்க ஊசி போடுவாங்களே மேடம். கன்னம் இருக்கும், ஆனா நம்மளுதுன்னு தெரியாது. அப்படி."

இன்று அவசரம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊரை விட்டுப் போகிறாள். அப்பா குடியிருந்த வீட்டைக் காலி செய்து, சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவனிடம் போய்விடுவாள். பேசாமல் போய்விட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அக்காவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

ஆலோசகர் எதுவும் கேட்கவில்லை. காத்திருந்தார். இடைவெளி நீண்டது. அவளுக்கு அது தாங்கவில்லை. அதனால் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பா இறந்த அன்று வேலை முடிந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டைக் கழற்ற மறந்திருந்தாள், கழுத்தில் தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அப்பா போயிட்டாருடி என்றாள். இவள் வாயைத் திறந்தாள்.

"என்ன சொன்னேன் தெரியுமா மேடம்?"

சொல்லிக் காட்டினாள். அந்தக் குரலிலேயே வந்தது.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

ஆலோசகர் சிரித்துவிட்டார்.

பெரிய சிரிப்பு இல்லை. மூக்கு வழியாக வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கை அங்கேயே இருந்தது. பிறகு இறக்கினார்.

"மன்னிச்சுக்கங்க. நான் சிரிக்கலைன்னு சொன்னா பொய். அந்தக் குரலைக் கேட்டதும் வந்துடுச்சு. இப்ப பயமா இருக்கு. இனிமே வரமாட்டீங்களோன்னு."

அவர் முகம் சிவந்திருந்தது. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவள் அதைக் கவனமாகக் கேட்டாள். குரல்களைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு.

"நீங்க சொன்ன 'புரியுது'க்கெல்லாம் நான் மனசுக்குள்ள மார்க் போட்டுட்டிருந்தேன் மேடம்."

"எவ்வளவு?"

"பத்துக்கு ஏழு."

"சுமார்தான்."

"எங்க ஆபீஸ்ல பாஸ். இந்தச் சிரிப்புக்குப் போட முடியல. அதுக்குக் கட்டம் இல்ல."

மிச்சத்தையும் சொன்னாள்.  அதைக் கேட்ட அக்கா, உங்களுக்குன்னா யாருக்குடி, அவர் எனக்கு மட்டுமா அப்பா என்று கேட்டாள். வைத்துவிட்டாள். மறுநாள் கையெழுத்து போடும் வேலையெல்லாம் இவள்தான் பார்த்தாள். நாற்காலிக்குச் சொன்னாள், வண்டிக்குச் சொன்னாள். கல்லு மாதிரி நிக்கறா பாரு என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. சித்தி சொன்னது சரிதான் என்று இவளுக்கும் பட்டது.

"அப்ப அந்த வாக்கியம், மேடம்?"

"எங்கிட்ட இல்ல. இருந்தாலும் அது என்னோடதா இருக்கும்."

"அக்கா கண்டுபிடிச்சிடுவா."

"ம்."

"ஒண்ணும் கையில இல்லாம போன் பண்ணா பேச்சே இருக்காது. வெறும் மௌனம்தான்."

ஆலோசகர் பதில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. டப்பாவில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. யாராவது மதிப்பெண் குறைப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். நேரம் முடியும்வரை யாரும் குறைக்கவில்லை.

அடுத்த வாரமும் இதே நேரமா என்று எழுந்தபோது கேட்டாள். ஆமாம் என்றார் ஆலோசகர். அதைச் சொல்வதற்கு முன் மூச்சு ஒன்றை விட்டார்.

சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். கணவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மீதித் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அக்கா எடுத்தாள். பின்னால் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.

"என்ன?"

வாயில் மூன்று வாக்கியங்கள் தயாராக நின்றன. எல்லாம் நல்ல வாக்கியங்கள். எதையும் சொல்லவில்லை.

"என்ன, கஸ்டமர் கேரா? லைன்ல காத்திருக்கணுமா நான்?"

 இடைவெளி வளர்ந்தது. வேலையாக இருந்தால் இந்நேரம் மேலாளர் பின்னால் வந்து நின்றிருப்பார். டேப் சத்தம் நின்றது.

"இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன்."

எந்தக் குரலில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ம்," என்றாள் அக்கா.

வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பெட்டியின் மேலேயே போனை வைத்துவிட்டாள் போல. பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த பெட்டிக்குப் போனாள்.

இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.